எந்தக் கோவளம்? – நுகர்வோர் கேள்வி-பதில்

மே மாதம் வந்தால் சமவெளி முழுவதும் நீலகிரிக்கு ஏறி வருகிறது. அந்த நெரிசலில் ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பைக்கூடக் கடக்க முடியாத உள்ளூர்க்காரர்கள் கடலைத் தேடி இறங்குகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் கடற்கரைச் சுற்றுலாவைப் பற்றியவைதான்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பெரியவர்கள் 14 பேர், பிள்ளைகள் 5 பேர். ‘கோவளம் கடற்கரைச் சுற்றுலா, 3 பகல் 2 இரவு, ஒருவருக்கு ரூ. 6,500, சிறுவர்களுக்கும் அதே கட்டணம்’ என்று ஒரு முகவர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா? – கோத்தகிரி வாசகி

பதில்: எந்தக் கோவளம் என்று முதலில் கேளுங்கள் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கோவளம் இருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. கன்னியாகுமரிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் மீனவர்கள் வாழும் மூன்றாவது கோவளமும் உண்டு. நோட்டீஸில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் இருந்தால் அது கேரளத்துப் படம். பஸ் போய் நிற்கிற ஊரும் அதுவேதானா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சென்னைப் பக்கத்துக் கோவளம், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச ‘நீலக்கொடி’ தரச்சான்றை 2021-இல் பெற்ற கடற்கரை. அலைச்சறுக்கு பழக இளைஞர்கள் அங்கே போகிறார்கள். வழியிலேயே முட்டுக்காடு படகுத்துறையும் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் இருக்கின்றன. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை; உங்கள் பயண நாள் செவ்வாயாக இருந்து, நோட்டீஸிலும் அதன் பெயர் இருந்தால், முகவர் அந்த இடத்தை ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா என்று சந்தேகப்படலாம். அங்கிருந்து தெற்கே போனால் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய்தான். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. உங்கள் ஐந்து பிள்ளைகளுக்கும் ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று சொல்லி முழுத்தொகை கேட்டால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேரளத்துக் கோவளம் என்றால் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், காவலர்கள் சிவப்புக்கொடி நட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் அறை வாடகை இறங்குவது அதனால்தான். ‘சலுகை விலை’ என்று முகவர் சொல்வதில் அவருடைய தாராளம் எதுவும் இல்லை.

அடுத்தது இரவுக் கணக்கு. ‘2 இரவு’ விடுதியிலா, பஸ் இருக்கையிலா? வெள்ளி மாலை கோத்தகிரியில் ஏறி, சனி காலை இறங்கி, ஞாயிறு இரவு மீண்டும் பஸ் ஏறினால் படுக்கையில் கழிவது ஒரே ஓர் இரவு. இந்த வித்தை மிகவும் பழையது, இன்னும் செல்லுபடியாகிறது. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ‘இடங்கள் நேரத்தைப் பொறுத்து மாறும்’ என்று இருக்கும். மேலே கொட்டை எழுத்தில் போட்ட பத்து இடங்களையும் அந்த ஒரு வரி அழித்துவிடும். ‘கடற்கரைக்கு அருகில் தங்கும் வசதி’ என்பதும் அப்படித்தான். விடுதியின் பெயரைக் கேட்டு வாங்கி, நேராக அங்கேயே தொலைபேசியில் பேசுங்கள். கடலுக்கு நடந்து போகலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

விடுதி, வாகனம், சாப்பாடு, ரத்து செய்தால் திரும்ப வரும் தொகை ஆகிய நான்கும் ஒரு தாளில் கையெழுத்துடன் வந்த பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும் பாதி வேண்டாம். பயணத்துக்கு முன்பே பாதியைக் கொடுத்தவருக்குப் பேரம் பேசும் பலம் போய்விடும். பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புங்கள், யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்கு வேண்டாம். 5 சதவீத ஜி.எஸ்.டி. தனியாகக் கேட்டால் ரசீதில் அவருடைய ஜி.எஸ்.டி. பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாதவருக்கு வரி வசூலிக்க உரிமை இல்லை.

கேள்வி: புதுச்சேரியில் ‘கடல் தெரியும் அறை’ என்று இணையத்தில் படம் பார்த்துப் பதிவு செய்தோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கடல் தெரிந்தது. கடற்கரையிலும் குளிக்க வழியில்லை, வெறும் பாறை. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? – குன்னூர் வாசகர்

பதில்: பாறைக்குக் கேட்க முடியாது ஐயா. புதுச்சேரி நகரத்துக் கடற்கரைச் சாலை மாலையில் வாகனம் இல்லாமல் காலாற நடப்பதற்கான இடம். கரையின் பெரும்பகுதியில் பாறாங்கற்களைக் கொட்டித்தான் சாலையைக் காத்து வருகிறார்கள். மணலில் கால் நனைக்க வேண்டுமென்றால் சுண்ணாம்பாற்றில் படகேறி பாரடைஸ் கடற்கரைக்கோ, சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரைக்கோ போயிருக்க வேண்டும். இதைப் புறப்படும் முன்பே விசாரிப்பது நம் வேலை.

அறைக்குத் தாராளமாகக் கேட்கலாம். காட்டிய படம் ஒன்று, கொடுத்த அறை வேறு என்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு. விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பும், நீங்கள் தங்கிய அறையின் ஜன்னல் வழியாக எடுத்த படமும் உங்களிடம் இருக்கின்றனவா? இருந்தால் பாதி வேலை முடிந்தது. விடுதிக்கும் பதிவு செய்த இணையதளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது இந்தச் சட்டத்தின் பெரிய வசதி. குன்னூரில் இருக்கும் நீங்கள் ஊட்டி வரை போனால் போதும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

புதுச்சேரி போனவர்கள் பலரும் எட்டிப் பார்க்கும் ஆரோவில்லில், மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தைத் தொலைவிலிருந்து பார்க்கும் அனுமதிச்சீட்டு இலவசம். அதற்கும் உங்களிடம் யாராவது பணம் வாங்கியிருந்தால் அதையும் புகாரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடற்கரைக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய் வாங்கினார்கள். ‘ஃபிரிட்ஜில் வைக்கும் செலவு’ என்றார்கள். சரியா? – கூடலூர் வாசகர்

பதில்: தவறு. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. குளிரூட்டும் செலவும் அந்த விலைக்குள் அடக்கம். ஆனால் ஹோட்டலில் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும்போது கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்களிடமோ 1915 எண்ணிலோ புகார் செய்யலாம். பிளாஸ்டிக் பாட்டில் விற்காத மாவட்டத்திலிருந்து போன உங்களுக்கு, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோகும் பழக்கம் எப்படி விட்டுப்போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: கன்னியாகுமரிச் சுற்றுலாவில் விவேகானந்தர் பாறைக்குப் படகுக் கட்டணமும் சேர்த்தே வாங்கினார்கள். கடல் சீற்றம் என்று அன்று படகு ஓடவில்லை. முகவர் பணம் தர மறுக்கிறார். சூரியன் கடலில் மறைவதையும் காட்டவில்லை. – ஊட்டி வாசகர்

பதில்: படகை இயக்குவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். அது முகவரின் குற்றமல்ல. ஆனால் வாங்காத டிக்கெட்டுக்கான பணம் அவருடையதும் அல்ல. பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்கென்று ஏதாவது வாங்கியிருந்தால் அதையும் கேளுங்கள். படகில் போகாமல் அந்தப் பாலத்தில் கால் வைக்க முடியாது.

மறைகிற சூரியனுக்கு மட்டும் முகவரைத் திட்டாதீர்கள். ஆண்டின் நடுவில் சூரியன் வடக்கே சாய்ந்து மறைவதால், முக்கடல் முனையில் நின்றால் அது நிலத்துக்குப் பின்னால்தான் இறங்கும். கடலில் மறைவதைப் பார்க்கக் குளிர்கால மாதங்களில் போக வேண்டும். மே மாதத்தில் ‘உதயமும் அஸ்தமனமும் கடலில்’ என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தால், அப்போது அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: கோவையில் வாடகைக்கு எடுத்த வேனில் கடற்கரைக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிறோம். நாங்கள் நீலகிரிக்காரர்கள்தானே, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் வேண்டுமா? – கேத்தி வாசகி

பதில்: விலக்கு நீலகிரியின் டி.என். 43 பதிவெண் கொண்ட வாகனங்களுக்குத்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. வேனுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அது இலவசம், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சீசனில் கடைசி நேரத்தில் கிடைக்காமல் போகலாம். புறப்படும் நாளிலேயே திரும்பும் தேதிக்கும் எடுத்துவிடுங்கள். ‘இ-பாஸ் செலவு’ என்று ஓட்டுநர் தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.