மாதவிலக்கு நின்றபின் ரத்தக்கறை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடமாகிறது. போன மாதம் இரண்டு நாள் உள்ளாடையில் லேசான ரத்தக்கறை, பிறகு ஒன்றுமில்லை. சர்க்கரை உண்டு, எடை 84 கிலோ. "பாப் ஸ்மியர் நார்மல்னு வந்திருக்கே, உடம்புச் சூடுதான்" என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. இந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்துவிட்டால், ஒரே ஒரு முறை பழுப்பாகக் கசிந்தாலும் பரிசோதிக்க வேண்டும். தானாக நின்றுவிட்டதே என்று ஆறுதல்பட இதில் இடமில்லை. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. கருப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோயை அதை நம்பி விலக்க முடியாது.

பயந்துவிடவும் வேண்டாம். இப்படிக் கறை படுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கே புற்றுநோய். பெரும்பாலும் சவ்வு மெலிந்து வறண்டிருக்கும், அல்லது பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் அம்மாவின் எடை கவனிக்க வேண்டியது. இந்த வயதில் உட்சவ்வை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அதைக் கட்டுப்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் இல்லாததால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகலாம்.

முதலில் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும். சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தாண்டினால் பயாப்ஸி: சுமார் 3 மி.மீ. குழாயை உள்ளே விட்டு, உறிஞ்சிச் சுழற்றித் திசு எடுப்பார்கள். சில நிமிட வேலை, பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. மாதவிலக்கு வலிபோல் இழுத்துப் பிடிக்கும்; முன்கூட்டியே வலி மாத்திரை கேளுங்கள். 'திசு போதவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதை நார்மல் என்று படிக்காதீர்கள். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் கட்டியைக் குழாய் தவறவிடலாம். சிலவகைப் புற்றுநோய் மெல்லிய சவ்விலும் வரும். ஆகவே மறுபடி கறை பட்டால், முந்தைய ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், ஹிஸ்டரோஸ்கோபி செய்து, அதாவது கருப்பைக்குள் சிறு கேமரா விட்டு, நேரில் பார்த்தே திசு எடுக்க வேண்டும். அதற்குள் ரத்தம் நிற்க ஹார்மோன் மாத்திரை போடுவது வேண்டாம். கறை நிற்கும், காரணம் நிற்காது.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக டாமோக்சிஃபென் சாப்பிடுகிறேன். ரத்தக்கசிவு இல்லை. வருடாவருடம் கருப்பை ஸ்கேன் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த மருந்தால் சவ்வுக்கு அடியிலுள்ள திசு மாறி, ஸ்கேனில் தடிப்பாகத் தெரியும்; வீண் பயாப்ஸிதான் மிஞ்சும். கசிவு தெரிந்தால் மட்டும் உடனே வாருங்கள். ஸ்கேன் அளவைப் பார்த்துக் காத்திராமல் பயாப்ஸி செய்வோம். குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் கதை வேறு. இந்தப் புற்றுநோய்களுக்கு வழிவிடும் பரம்பரைக் கோளாறான லிஞ்ச் சிண்ட்ரோமுக்கு மரபணுச் சோதனை கேளுங்கள். அது உறுதியானவர்களுக்கு 30-35 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பயாப்ஸி பரிந்துரைப்பதுண்டு.