கொலஸ்ட்ரால் ஆராய்ச்சிக்கு மருத்துவ இடம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நீட் மதிப்பெண் அரசு ஒதுக்கீட்டுக்கு எட்டவில்லை. கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய வேண்டும் என்பதே அவளுடைய விருப்பம். அதற்கு முதலில் டாக்டராக வேண்டும், நிலத்தை விற்றாவது நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடு என்று பெரியப்பா நெருக்குகிறாராம்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். படித்து முடிக்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவள் கேட்காத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய தொகையைக் கொடுப்பது முறையன்று.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளுக்கு வழி திறந்த ஜப்பானியர் அகிரா எண்டோ மருத்துவர் அல்லர். தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, பின் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உருவாவதற்குத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடி, சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் 1971இல் ஆய்வைத் தொடங்கிய அவரது குழு, ஆறாயிரம் அளவில் நுண்ணுயிர்களைச் சோதித்தது. கியோட்டோவில் ஒரு தானியக் கடையின் அரிசியிலிருந்து எடுத்த பூஞ்சையில்தான் கம்பாக்டின் என்ற முதல் ஸ்டாட்டின் கிடைத்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தது 1976இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால், அவரைப் பற்றி யாரும் தவறாகவே முடிவு செய்திருப்பார்கள். இதே துறையில் 1985இல் நோபல் பரிசு பெற்ற பிரௌனும் கோல்ட்ஸ்டீனும் மருத்துவர்கள்தான். ஆகவே மருத்துவம் ஒரு வழி, ஒரே வழி அன்று.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது உயிர்வேதியியல் இளங்கலை, முதுகலை, அதன்பின் பிஎச்.டி. இந்த வழியில் கல்லூரியின் பெயரைவிட, பிஎச்.டி. ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் இதுவரை என்னென்ன ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறார் என்ற வரலாறு முக்கியம். அதை யாரும் பார்ப்பதில்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) இணையதளத்தில் கட்டணமில்லாமல் தேடலாம்; நம் ஊரில் தலைப்பெழுத்தும் பெயரும் ஒன்றாக உள்ளவர்கள் பலர் என்பதால், ஆய்வாளர்களின் தனி அடையாள எண்ணான ஆர்க்கிட் (ORCID) எண்ணை வைத்து ஆளை உறுதி செய்துகொள்ள வேண்டும். மருத்துவ அறிவியல் கட்டுரைகளில் பெரும்பாலும் முதலில் வரும் பெயர் ஆய்வுகூடத்தில் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் குழுத்தலைவருடையது. ஒரு பேராசிரியர் கடைசியில் நிற்க, அவருடைய மாணவர்கள் மாறி மாறி முதலிடத்தில் வருகிறார்கள் என்றால், அங்கே மாணவர்களுக்கு உரிய இடம் கிடைக்கிறது என்று நம்பலாம். முதலிடத்திலும் அவரே தொடர்ந்து நின்றால், மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரியுங்கள். நூறு கட்டுரைகள் இருந்தும் அவற்றில் பெரும்பகுதி பிறர் ஆய்வுகளின் தொகுப்புரையாக இருந்தாலோ, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வந்திருந்தாலோ, அந்த நூறுக்கு மதிப்பில்லை. வெளியான பிறகு இதழிலிருந்து திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால், காரணத்தைப் படிக்காமல் அவரிடம் சேரக் கூடாது.

செலவுக் கணக்கை மறைக்க மாட்டேன். அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்களைச் சாய்க்காது. தேசிய அளவிலான நெட் (NET) தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் தருகிறார்கள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. ஆனால் அந்தத் தேர்வு கடினம், பிஎச்.டி. ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் இழுக்கலாம். நிரந்தர வேலை தாமதமாகவே வரும். உதவித்தொகை இல்லாமல், கையிலிருந்து பணம் கட்டிப் பிஎச்.டி. படிக்க மட்டும் அவளை அனுப்பாதீர்கள்.

அவளுடைய நாட்டத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) அளவு பல இடங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ராலையும், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 1972இல் ஃப்ரீட்வால்ட் குழு வெளியிட்ட சூத்திரம் அது. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அது பொருந்தாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கட்டுரையை அவளிடம் கொடுத்து, அதில் எல்டிஎல் அளக்கப்பட்டதா, கணக்கிடப்பட்டதா என்று செய்முறைப் பகுதியில் தேடச் சொல்லுங்கள். தானாகவே அடுத்த கட்டுரையையும் திறந்தாளானால், உயிர்வேதியியலுக்கு விண்ணப்பம் வாங்குங்கள். சலித்துக்கொண்டால் இன்னொரு முறை பேசுவோம். அப்போதும் நிலத்தை விற்கும் பேச்சு வேண்டாம்.