வரவழைத்த கோபம்

கேள்வி: டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் ரெஸ்லிங் பற்றித் தமிழில் யூடியூப் சேனல் நடத்துகிறேன். செவ்வாய் விடியற்காலை ‘ரா’, சனிக்கிழமை ‘ஸ்மாக்டவுன்’ என்ற வாராந்திர நிகழ்ச்சிகள் இரண்டையும் நேரலையில் பார்த்து, பத்து மணிக்குள் வீடியோ போட்டுவிடுவேன். பாராட்டினால் ஆள் வருவதில்லை, திட்டினால் குவிகிறார்கள். கோபம் வராத வாரத்திலும் வரவழைத்துக்கொள்கிறேன். ரெஸ்லிங்கே கசந்துவிட்டது, தூக்கமும் கெட்டுவிட்டது. என்ன செய்வது?
– மதுரை வாசகர்

பதில்: தம்பி, ரெஸ்லிங் வில்லன் சம்பளம் வாங்குவதே உங்களை எரிச்சல்படுத்தத்தான். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது. இது பொழுதுபோக்குதான் என்று அந்த நிறுவனமே 1989-இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் சொல்லிவிட்டது. வில்லன் வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். நீங்கள் வேஷத்தோடு போய்ப் படுக்கிறீர்கள்.

கோபமே கூடாது என்று சொல்லமாட்டேன். 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ராயல் ரம்பிளை, அதாவது முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராக மேடையேறும் போட்டியை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரசிகர்களின் செல்லப்பிள்ளை டேனியல் பிரையன் வருவார் என்று அரங்கமே காத்திருக்க, 30-ஆவதாக, கடைசி ஆளாக வந்து நின்றவர் ரே மிஸ்டீரியோ. எல்லாருக்கும் பிடித்த அந்த மனிதருக்கே கூச்சல் போட்டு அனுப்பினார்கள். (அவர் என்ன பாவம் செய்தார்?) ஏப்ரலில், நியூ ஆர்லியன்ஸில் நடந்த ரெஸில்மேனியா என்ற பெருவிழாவில், ஒரே இரவில் ட்ரிபிள் எச் என்ற வீரரையும், பிறகு ராண்டி ஆர்ட்டனும் பட்டிஸ்டாவும் இருந்த மும்முனைப் போட்டியையும் வென்று பிரையன் சாம்பியன் ஆனார். அதில் ரசிகர்களின் கூச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ஆளுக்கு வாய்ப்புக் கொடுங்கள். உங்கள் பழைய வீடியோக்களை ஒருமுறை போட்டுப் பாருங்கள். என்ன வேண்டும் என்று எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

காலைப் பந்தயத்தை முதலில் விடுங்கள். மாலையில் வீடியோ வந்தால் குடி முழுகிவிடாது. ஒரு கதை மாதக்கணக்கில் நகரும்போது பத்து மணிக்கே தீர்ப்பு எழுத என்ன அவசரம்? மிச்சமாகும் நேரத்தில் ஆட்டத்தை ஒரு தொழில்திறமையாகப் பாருங்கள். வில்லன் நாயகனின் இடது முழங்காலையே குறிவைத்து அடிக்கிறான். பத்து நிமிடம் கழித்து நாயகன் கயிற்றின் மேல் ஏறும்போது அந்தக் காலை நொண்டி இழுக்கிறாரா, இல்லை மறந்துபோய்த் துள்ளுகிறாரா? இதைச் சொல்லக் கண் வேண்டும். ‘கேவலம்’ என்று கத்துவதற்குத் தொண்டை போதும்.

சனிக்கிழமையைக் கைவிட்டுவிடலாம் என்பது என் கட்சி. பார்வைகள் குறையும், சந்தேகமில்லை. சேனல் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறதென்றால் படிப்படியாக மாறுங்கள்.

பின்னூட்டங்களைப் படுக்கையில் படிக்காதீர்கள். அதன் பிறகும் சில வாரங்களுக்குத் தூக்கம் பிடிக்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அமெரிக்காவில் நடப்பதை மதுரையில் விடியற்காலை உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.