வளர்ந்துவரும் சுரங்க நிறுவனம் தரும் மனித உரிமை வாக்குறுதியை எப்படி எடைபோடுவது?

அறிக்கையின் வழவழப்பை ஒதுக்கிவிட்டு, நிறுவனம் எந்த இடத்தில் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பாருங்கள்.

2011-இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள் நிறுவனங்களிடம் மூன்றைக் கேட்கின்றன: வெளிப்படையான கொள்கை, பாதிப்புகளை முன்கூட்டியே ஆராய்தல், பாதிக்கப்பட்டோருக்குத் தீர்வு. முதலாவதை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம்.

சட்ட அனுமதி மட்டும் போதாது. 2020 மே மாதம் ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம், இரும்புத்தாதுக்காக ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் இருந்த இடம்! அரசு அனுமதி இருந்தது. பூர்வகுடிகள் தடுக்க முயன்றும் பயனில்லை. ஆகவே "கலந்தாலோசித்தோம்" என்ற சொல்லை நம்பாதீர்கள். மக்கள் மறுத்தால் திட்டம் நிற்குமா என்று கேளுங்கள்.

அடுத்தது கழிவுச்சேற்று அணை. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் அணை உடைந்து 270 பேர் இறந்தனர். அதன்பிறகே, 2020-இல் இத்தகைய கழிவு அணைகளுக்கான உலகளாவிய தரநிலை வந்தது. நிறுவனம் அதை ஏற்றிருக்கிறதா, வெளியார் ஆய்வு உண்டா?

வளரும் நிறுவனத்தில் ஒரு தனி ஆபத்து: பழைய சுரங்கத்தை வாங்கும்போது அதன் அணையும், ஊராரின் தீராத மனக்குறையும் சேர்ந்தே வருகின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்களும் விபத்துக் கணக்கில் இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.