பாங்க் இருப்பு ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: ஹார்டுவேர் கடையில் கணக்கு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். மாதக் கடைசியில் டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் பாங்க் இருப்பும் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போவதில்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸில் (காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் கணக்கில்) போட்டு முடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். சிறிய வித்தியாசத்துக்குள் இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கிடக்கலாம். சஸ்பென்ஸில் தள்ளிவிட்டால் அவை வருடக் கடைசியில் ஆடிட்டர் கண்ணில்தான் படும்.

இருப்பு வேறுபடுவதே தவறாகாது. உங்கள் புத்தகத்தில் 1,84,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த செக்கில் 32,000 இன்னும் பாஸாகவில்லை, கூட்டுங்கள். பாங்கில் போட்ட செக் 10,000 வரவாகவில்லை, கழியுங்கள். பாங்க் பிடித்த கட்டணம் 354. அதையும் கழித்தால் 2,06,146. ஸ்டேட்மென்ட்டில் இதுதான் இருக்க வேண்டும். போன மாதம் பாஸாகாமல் நின்ற செக்குகளை முதலில் பாருங்கள். பலர் தவறவிடும் இடம் அதுதான்.

இதில் புதிதாக என்ட்ரி போட வேண்டியது கட்டணத்துக்கு மட்டுமே. அதையும் மொத்தமாக 354 என்று போடாதீர்கள். கட்டணம் 300, சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) 27, எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) 27 என்று பிரித்தால்தான் கடைக்குச் சேர வேண்டிய வரி வரவு (கடை கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகை) கைவிட்டுப் போகாது. பாங்கில் கடையின் ஜிஎஸ்டி எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், அதை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,760-ஐ 5,670 என்று அடித்தால் வித்தியாசம் 90. பூஜ்யம் விட்டுப்போனாலும் இப்படித்தான். 4,500 என்பது 450 ஆனால் 4,050. வகுபடவில்லையா, பாதித் தொகையைத் தேடுங்கள். டேலியில் எஃப்5 விசையில் போட வேண்டிய 4,200 ரூபாய் பேமென்ட்டை எஃப்6-இல் ரசீதாகப் போட்டிருந்தால் 8,400 உதைக்கும். தவறு ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் இந்தச் சோதனைகள் பிடிக்கும். ஆகவே மாதக் கடைசி வரை காத்திராமல் வாரம் ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: சப்ளையருக்குக் கொடுத்த செக் நான்கு மாதமாகப் பாஸாகவில்லை. என்ன செய்வது?

பதில்: செக் தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். பாங்கைப் பற்று வைத்து, சப்ளையரை வரவு வைத்துத் திருப்புங்கள். வருமானத்தில் சேர்க்காதீர்கள், கடன் அப்படியேதான் நிற்கிறது. புதுச் செக் எழுதும் முன், அந்தப் பில்லுக்கு என்இஎஃப்டியில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். பழைய செக்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.