எச்610 போர்டில் ஓவர்கிளாக் நடக்காது

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்டெலின் ஐ3-12100எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு இரண்டுக்கும் விலை கேட்டு வந்து, ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா என்கிறீர்கள். முடியாது. இன்டெலில் அதற்கு கே வகை ப்ராசஸரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். பட்ஜெட் அங்கேயே காலி.

ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸர், பி550 போர்டு என்று கேளுங்கள். அந்த ப்ராசஸரில் வேகத்தை ஏற்ற விடாத லாக் கிடையாது. விலை குறைவு என்று ஏ520 போர்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வேண்டாம்; அந்த போர்டில் ப்ராசஸர் ஓவர்கிளாக்கிங் இல்லை. அப்புறம், போர்டில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) இருக்கிறதா பாருங்கள். ப்ராசஸருக்கு மின்சாரத்தைப் பதப்படுத்தித் தரும் பகுதிதான் விஆர்எம். அளவுக்கு மீறிச் சூடானால் வேகம் தானாக இறங்கிவிடும். ஏப்ரலில் நம்ம ஊரும் குளிர் ஊர் இல்லை, ப்ராசஸர் கூடவே வரும் கூலர் திணறும்.

என்னைக் கேட்டால், கையால் ஏற்றுவதற்கு முன் பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ப்ராசஸர் வேகத்தைத் தானாக ஏற்றும் பிபிஓவையும், ராமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியையும் போட்டுப் பாருங்கள். பாதி ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.