லீவு விட்டாலே மாமியார் ஊர்தானா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

இந்தப் பொங்கலோடு எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பத்து வருடம். பொங்கல், பங்குனி உத்திரம், ஊர்க் கொடை, மே லீவு, எது வந்தாலும் கணவரின் ஊர்தான். கோவில்பட்டியில் இறங்கி பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வராவிட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். பாப்பாவுக்குப் பரீட்சை நேரம் என்றாலும் கேட்பதில்லை. என் அம்மா வீடு கும்பகோணம். அங்கே போவது வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் யார் வீட்டுக் கல்யாணத்தையாவது சாக்கு வைத்து ஒரு ராத்திரி.

மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஏழு மாதம். தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவோம். பாப்பாவுக்குப் பெர்த் இல்லாத அரை டிக்கெட்தான் போடுகிறார். “ஒரு ராத்திரிதானே” என்பார். அவருக்கென்ன, மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துவிடுவார். என் பெர்த்தில் நான், மடியில் பையன், கால்மாட்டில் பாப்பா. ஃபிளாஸ்க், டயப்பர், மாற்றுத்துணி என்று ஆறு பை. விடிய விடிய உட்கார்ந்தே போகிறேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் “புள்ள என்ன இப்படி எலும்பும் தோலுமா இருக்கு” என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார். நான் இங்கே பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறேன். அங்கே காலையில் முறுக்கு, பதினோரு மணிக்குக் கலர் சோடா, சாயங்காலம் கடலை மிட்டாய். ராத்திரி பாப்பா சோறு வேண்டாம் என்கிறாள். நாத்தனார் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே போனில் நாலு தலை. நான் வாயைத் திறந்தால் “நாலு நாளைக்குத்தான வந்திருக்கா, விடேன்” என்று எல்லோரும் என் மேலேயே பாய்கிறார்கள்.

பையனைக் குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். வேண்டாம் அத்தை என்றேன். “ஒம் புருஷனையும் இப்படித்தான் வளத்தேன்” என்கிறார். நாக்கில் தேன் வேறு. கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும்விட ஒன்று. நான் அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து “ஏட்டி, ஒங்கம்மா அங்க எத்தன மணிக்கு எந்திக்கா? தெனமும் சோறு ஆக்குதாளா, கடைல வாங்குதாளா?” என்று கேட்கிறார். குழந்தையிடம் கேட்கிற கேள்வியா இது?

இதெல்லாம் எனக்குத் தெரியவருவது பாப்பா மூலமாகத்தான். திரும்பும்போது ரயிலில் ஏறியதும், ஆச்சி என்ன சொன்னாங்க, அத்தை என்ன சொன்னாங்க என்று கேட்டுக்கொள்வேன். முன்பெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். தீபாவளிக்கு அவள் சொன்ன ஒரு விஷயத்தை வைத்து எனக்கும் கணவருக்கும் நாலு நாள் பேச்சே இல்லை. இந்தப் பொங்கலுக்கு என்னவோ, “ஒண்ணும் சொல்லல” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கவில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது. அது போகட்டும்.

அந்த ஊர்த் தண்ணீரும் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதே தொப்புளைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கிறது என்று சுருண்டுவிடுகிறாள். பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. முறுக்கும் கலரும் தின்றால் ஏன் வலிக்காது? சொன்னால் நான் கெட்டவள்.

மே லீவுக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை. இனி வருடத்துக்கு ஒரு தடவை போதும் என்று கணவரிடம் எப்படிச் சொல்வது? சண்டை வராமல் சொல்ல ஒரு வழி காட்டுங்கள்.

— பெயர் வேண்டாம், தாம்பரம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு பையும் ஒரு பெர்த்துமாக ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு, இறங்கியதும் “எலும்பும் தோலும்” என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். உங்கள் களைப்பு புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் “அது போகட்டும்” என்று எழுதிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எட்டு வயதுப் பெண் அம்மாவிடமிருந்து தப்பிக்கத் தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். அவள் தூங்கவில்லை என்பதை இமையைப் பார்த்துக் கண்டுபிடித்தவரும் நீங்கள்தான். அந்தக் காட்சி உங்களை உறுத்தவில்லை என்றால் எழுதியிருக்கவே மாட்டீர்கள்.

வயிற்று வலியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வயிறு, அதைக் குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, தாம்பரத்திலேயே எப்படி வலிக்கும்? முறுக்கும் இன்னும் வாய்க்குப் போகவில்லை. தொப்புளைச் சுற்றி வலிப்பது, ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு முன்னால் வருவது, மற்ற நாட்களில் நன்றாக ஓடியாடுவது, இது மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் பதற்றத்தில் வரும் வலி. நடிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். குடலும் மூளையும் நரம்புகளால் பிணைந்தவை, மனம் இறுகினால் குடலும் இறுகும், வலி நிஜமாகவே இருக்கும். இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் மறுபடி காட்டி, “ஊருக்குப் போகும் முன்னால் மட்டும் வருகிறது” என்பதையும் சொல்லுங்கள். வலி அவளை நடு ராத்திரியில் எழுப்பினாலோ, வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சல், தொடர்ந்த வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தாலோ பதற்றம் என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதிக்க வேண்டும்.

எதைப் பற்றிய பதற்றம்? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அம்மாவைப் பற்றி ஆச்சி கேட்கிறார். ஆச்சியைப் பற்றி அம்மா கேட்கிறார். மாமியார் கேட்டது “குழந்தையிடம் கேட்கிற கேள்வியா” என்று பொங்கினீர்கள். அடுத்த பத்தியிலேயே அதே கேள்வியை நீங்களும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல். அவர் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார், நீங்கள் ரயிலில் வைத்துக் கேட்டீர்கள். பாப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தீபாவளிக்கு அவள் சொன்னாள். வீட்டில் நாலு நாள் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டீர்கள். ஆனால் எட்டு வயதில் கணக்கு நேரடியாகத்தான் போகும்: நான் சொன்னேன், அவர்கள் பேசவில்லை. எனவே பொங்கலுக்கு வாயை மூடிக்கொண்டாள். உங்களிடமிருந்து விலகுகிறாள் என்ற பயம் உங்களுக்குள் இருக்கிறது, அதனால்தான் அந்த விஷயத்தை “போகட்டும்” என்று மூடினீர்கள். நான் பார்க்கும் பாப்பா வேறு. தன் வாயால் வீடு உடையக் கூடாது என்று காவலுக்கு நிற்கிறாள். அதற்கு அவள் வயது போதாது. அதனால்தான் ஊர்ப் பயணம் என்ற பேச்சு வந்ததுமே வயிறு பிடித்துக்கொள்கிறது. ஆச்சி வீட்டுக்குப் போகப் பயமா, திரும்பி வரும் ரயிலுக்குப் பயமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நாலு தலை ஒரு போனில் என்றீர்களே, அந்த நாலு தலையில் அவள் தலையும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

அவளிடம் பேச வேண்டியது ஒரே ஒரு முறை, இரண்டு நிமிடம். மடியில் உட்காரவைத்து அழுது மன்னிப்புக் கேட்காதீர்கள், அப்புறம் உங்களைத் தேற்றும் வேலையும் அவளுக்கு வந்துவிடும். காலையில் தலை பின்னும்போது பேசுங்கள், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாம். “ஊர்ல யார் என்ன பேசுனாங்கன்னு உன்கிட்ட கேட்டேன்ல, அது தப்பு. இனிமே கேக்க மாட்டேன். பெரியவங்க சண்டை உன்னால வரல.” இவ்வளவுதான். கூடவே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்லுங்கள்: “ஆனா யாராவது உன்ன அடிச்சா, தொடக்கூடாத இடத்துல தொட்டா, பயமுறுத்துனா, ‘அம்மாகிட்ட சொல்லாத’ன்னு சொன்னா, அத மட்டும் எப்பவும் சொல்லணும்.” ஊர்ப்பேச்சைச் சொல்லாமல் இருக்கலாம், தனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ‘இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன்’ என்று மட்டும் சொன்னால் ஆபத்தான மௌனத்துக்கும் அதுவே அனுமதியாகிவிடும்.

அவள் உடனே நம்ப மாட்டாள். என்றைக்காவது தானாக ஒரு துணுக்கைப் போட்டுப் பார்ப்பாள், “ஆச்சி உன்ன சோம்பேறின்னு சொன்னாங்க” என்று. உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள், பதிலை இல்லை. “அப்படியா” என்று சொல்லிவிட்டு கையிலிருக்கும் வேலையைத் தொடருங்கள். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டால்கூட பழைய இடத்துக்கே போய்விடுவீர்கள்.

ஆச்சி கேட்பதை நிறுத்த வேண்டியவர் உங்கள் கணவர். “அம்மாகிட்டயே கேளுங்க ஆச்சி” என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது நீங்கள் பேசவைத்த வசனம் என்று முதல் முறையிலேயே தெரிந்துவிடும், அடியும் அவளுக்குத்தான் விழும். மகன் தன் தாயிடம், போனில், கிளம்புவதற்கு முன்பே சொல்லட்டும். இதே போனில் இன்னும் இரண்டையும் அவர் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டிலும் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒன்று, மூக்கில் எண்ணெய். அது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கி, சீக்கிரம் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். இரண்டு, தேன். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் விதைகள் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கலாம், தசைகள் தளர்ந்து மூச்சே சிரமமாகலாம். அரிதுதான், ஆனால் வந்தால் ஆபத்து. மே மாதத்திலும் உங்கள் மகனுக்கு ஒரு வயது நிறைந்திருக்காது. “டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்” என்று மகன் சொன்னால் மாமியாருக்கு மருமகளிடம் தோற்ற மாதிரி இருக்காது. எண்ணெயை உடம்பில் தேய்த்துக் குளிப்பாட்டும் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுங்கள்.

முறுக்கு, கலர், கடலை மிட்டாய் எல்லாம் நாலு நாள் விஷயம். கோவில்பட்டிக்குப் போய்க் கடலை மிட்டாய் தின்னாதே என்றால் நானே ஆச்சி பக்கம் வந்துவிடுவேன். தின்றபின் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், ராத்திரி பல் துலக்கவையுங்கள், அவ்வளவு போதும். தண்ணீர் பயம் இருந்தால் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும். பெரிய பாக்கெட் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர், கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளைப் போட்டுக் கலக்குவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு, உப்பின் அளவு தப்பிவிடும்.

கும்பகோணம் நியாயமான குறை. பத்து வருடமாகச் சொல்ல முடியாமல், அது ஆச்சி வீட்டு முறுக்குக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வருகிறது. “உங்க ஊருக்குப் போறதக் குறைக்கணும்” என்று தொடங்கினால் அவர் தன் அம்மாவுக்கு வக்கீலாகிவிடுவார். “மே லீவுல எங்க அம்மாகிட்ட நாலு நாள் இருக்கணும்” என்று கேட்டுப் பாருங்கள். இதில் யார் மேலும் புகார் இல்லை.

வருடத்துக்கு ஒரு தடவை என்று இப்போது குறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இப்போது குறைத்தால், தன் வயிற்று வலியாலும் வாயை மூடியதாலும்தான் ஆச்சி வீடு போனது என்று பாப்பா எடுத்துக்கொள்வாள். ஒரு மே லீவு போய்வாருங்கள். வலி வராமல் போய்த் திரும்பிவிட்டால் பிறகு உங்கள் இருவருக்கும் வசதிப்படி முடிவு செய்யுங்கள். பள்ளி நாட்களிலும் வலிக்கத் தொடங்கினால், அல்லது இரண்டு பயணத்துக்குப் பிறகும் தொடர்ந்தால், குழந்தைகளுக்கான உளவியல் நிபுணரை நேரில் பாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் கணவரிடம் கண்டிப்பாக இருங்கள். முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். மே மாதம் உடனே தீர்ந்துவிடும், திறந்த அன்றே போடுங்கள். கைக்குழந்தையோடு இருப்பவருக்குக் கீழ் பெர்த் தானாக வந்துவிடாது, கேட்டுப் போட வேண்டும். பாப்பாவுக்கு இந்தத் தடவை முழு டிக்கெட், தனி பெர்த். திரும்பும் ராத்திரி அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டால், இமையைப் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் படுங்கள்.